வெயிட் என்ன சார்?

ஷாக்கப்சர் மாற்றுவதைப் பற்றி ஆண்கள் பேசிக் கேட்டால், அத்தனை பேரும் முதுகுவலிக்காரர்கள் என்றுதான் தோன்றும். வலி அவர்களுக்கல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவர் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய பின்சக்கரத்தின் உச்சந்தலையில். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் முன்னவருக்குக் கிடைப்பது செய்தி; பின்னவருக்குக் கிடைப்பது சம்பவம்.

எங்கள் வீட்டில் சம்பவம் நடப்பது என் மனைவிக்கு. என் வண்டி வட்ட விளக்கும் குரோம் பூச்சுமாக, தோற்றத்தில் தாத்தா காலம், தவணையில் இந்தக் காலம். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். வேகத்தடை தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு முனகல் வரும். வண்டிதான் முனகுகிறது என்பது என் வாதம். “வண்டிக்கு வாய் இருந்தா என்ன பேசும்னு எனக்குத் தெரியும்” என்பது அவள் வாதம்.

நியாயமாகப் பார்த்தால் குற்றவாளி வேகத்தடைதான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இலேயே இதற்கு இலக்கணம் எழுதிவைத்திருக்கிறது. வாகனங்கள் 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டுமென்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே சீரான வளைவு. எங்கள் தெருக்காரர்கள் உயரம் உள்ள பக்கத்தைப் படித்தார்கள், அகலம் உள்ள பக்கத்தைப் புரட்டவில்லை. அதனால் தெருவுக்குக் குறுக்கே ஒரு திண்ணை கிடக்கிறது. இந்த ரக வண்டிகளோ உயரம் குறைந்தவை. பின்சக்கரம் மேலும் கீழும் போய்வர அதிக இடம் கிடையாது. 2021இல் வந்த கிளாசிக் 350இல் அந்த இடம் 90 மி.மீ. இலக்கணம் தவறாமல் கட்டிய வேகத்தடையின் உயரமே 100 மி.மீ.!

அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இதுவும் சொர்க்கம்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துப் பல வண்டிகளில் பின்சக்கரத்தைச் சட்டத்தோடு அப்படியே பூட்டியிருப்பார்கள். பள்ளத்தைச் சமாளிக்கும் பொறுப்பு சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்குக்கும் ஓட்டுபவரின் பொறுமைக்கும். 1949இல் இங்கிலாந்தில் வந்த புல்லட், ஸ்விங் ஆர்மும் பக்கத்துக்கொரு ஷாக்கப்சருமாகப் பின்சக்கரத்துக்கு விடுதலை கொடுத்தது. 1955இல் அந்த வண்டியை மெட்ராஸிலும் பூட்டத் தொடங்கினார்கள். ஆக, இன்று நாம் ‘பழைய ஸ்டைல்’ என்று கொஞ்சுகிற இரட்டை ஷாக்கப்சர், வந்த புதிதில் மகா நவீனம்.

இந்த ஞானத்தோடு, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஜி.பி. ரோடு போனேன். ஷாக்கப்சர் வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பது நிறத்தை. மஞ்சள் ஸ்பிரிங், சிவப்பு ஸ்பிரிங், பக்கவாட்டில் குட்டி சிலிண்டர் தொற்றிக்கொண்டிருக்கும் தங்க நிறம். தங்க நிறம் என்றால் ஸ்வீடனின் ஓலின்ஸ் ஞாபகம் வரும். 1976இல் கென்த் ஓலின் தொடங்கிய கம்பெனி, பந்தயக்காரர்களின் குலதெய்வம். கடைக்காரர் என் பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் அதன் விலையைச் சொன்னார். தாய்லாந்துச் சரக்கு உண்டு, இங்கிலாந்துச் சரக்கு உண்டு. நம் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியலும் உண்டு. அந்தப் பெயரின் பூர்வீகம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து. அங்கே கிளாட் ஃபாஸ்டர் என்பவர் முதலில் செய்துவந்தது கார் ஹாரன். எக்காளம் ஊதும் தேவதூதரின் பெயரை அதற்கு வைத்தார். பிறகுதான் ஷாக்கப்சருக்கு வந்தார். ஹாரன் அடித்தால் ஆள் விலகுவான், பள்ளம் விலகாது என்று அனுபவத்தில் கண்டிருப்பார் என்பது என் யூகம்.

அந்தக் குட்டி சிலிண்டர் அலங்காரமல்ல. ஸ்பிரிங்கின் வேலை அடியை வாங்கிக்கொள்வது மட்டும்தான். வாங்கிய அடியைத் திருப்பித் தராமல் வைத்திருக்க அதற்குத் தெரியாது. வண்டி தொடர்ந்து குதிக்காமல் அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது சின்னச் சின்னத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு போய், குதியலைச் சூடாக மாற்றிவிடுகிறது. எண்ணெயும் வாயுவும் ஒரே குழாயில் இருந்தால், மோசமான சாலையில் இரண்டும் கலந்து டபரா டம்ளரில் ஆற்றிய காபியைப் போல நுரைத்துவிடும். காபிக்கு நுரை அழகு. ஷாக்கப்சருக்கு நுரை வந்தால் பிடிமானம் போயிற்று. அதனால்தான் நைட்ரஜனைத் தனி அறையில் அடைத்து, எண்ணெயோடு சேரவிடாமல் பிரித்துவைக்கிறார்கள். மலிவான சிலவற்றில் அந்த அறை வெறும் அறைதான், குடித்தனம் கிடையாது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது; நான் தட்டிப் பார்த்தேன், கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“நீளம் கொஞ்சம் அதிகமாப் போட்டா கெத்தா நிக்கும் சார்” என்று ஒரு பையன் ஆசை காட்டினான். நிற்கும்தான். பின்பக்கம் உயர்ந்தால் முன்ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் படபடக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இன்னும் சாயும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். கம்பெனி கொடுத்த நீளமே போதும் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு என்மேல் இருந்த மரியாதை அத்தோடு போயிற்று.

வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் போனபோது அவர் நிறத்தையோ நாட்டையோ பற்றி எதுவும் கேட்கவில்லை.

“வெயிட் என்ன சார்?”

“வண்டியா? 195 கிலோ.”

“வண்டி தெரியும் சார். உங்க வெயிட்டு, பின்னாடி உக்கார்றவங்க வெயிட்டு.”

உலகத்தில் எந்த நல்ல ஷாக்கப்சர் கம்பெனியும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பது ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது, இத்தனை நியூட்டன் கொடுத்தால் ஒரு மி.மீ. அமுங்கும் என்று. கீழே உள்ள ப்ரீலோடு வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று ஊரே நம்புகிறது. ஆகாது. வண்டி சற்று உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் சுபாவத்தை வளையம் மாற்றாது. கல்யாண விஷயத்திலும் வளையத்தைப் பற்றி இதே நம்பிக்கை உலவுகிறது, அது வேறு கட்டுரை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“என்னங்க, ஸ்பிரிங் வாங்கறதுக்கு எதுக்கு என் வெயிட்டு?”

விளக்கினேன். ஆள் உட்கார்ந்ததும் மொத்த இடத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் குதிக்கும், அதிகமானால் அடி தட்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

“போன வருஷ வெயிட்டா, இப்பவா?”

“இப்ப.”

“அப்ப வேண்டாம்.”

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஆட்கள் ஏறி உட்கார்ந்து, அதே தூரத்தை மறுபடி அளக்க வேண்டும். அளக்க மூன்றாவது ஆள் தேவை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து அளந்து, “அங்கிள், ஆன்ட்டி ஏறினதும் ரொம்ப இறங்கிடுச்சு” என்று தெரு கேட்க அறிவித்தான். ஆராய்ச்சி அங்கேயே நின்றது. பையனுக்கு அன்று கிடைத்திருக்க வேண்டிய முறுக்கும் நின்றது.

இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு சமரசம் ஏற்பட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் அவளே எழுதி, நாலாக மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். நான் பிரிக்கக் கூடாது, மெக்கானிக் மட்டும் படிக்கலாம். நானும் யோக்கியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ஹெவி ஸ்பிரிங் போட்டுடலாம் சார். உங்க வெயிட்டுக்கு அதுதான் சரி” என்றார். இவரை ஐ.நா. சபைக்கு அனுப்பலாம்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு நட். இத்தனை நாள் யோசனைக்கு இவ்வளவு சின்ன வேலையா என்று சற்று வருத்தமாகக்கூட இருந்தது. டயரில் காற்று அதிகம் இருந்தால் எந்த ஷாக்கப்சரும் தோற்கும் என்று சொல்லி அதையும் சரிபார்த்தார்.

அடுத்த நாள் அவளை ஏற்றிக்கொண்டு திண்ணையைத் தாண்டினேன். முனகல் இல்லை. இன்னொரு முறை தாண்டினேன். அப்போதும் இல்லை. நேரே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, மெக்கானிக் காதில் விழும்படி கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“தூக்கிப் போடல. ஆனா இந்த சீட்டுதான் குத்துதுங்க. இவ்ளோ செலவு பண்ணதுக்கு முதல்ல அதை மாத்தியிருக்கலாம்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஃபோம் மாத்திடலாம்மா. அதுக்கும் வெயிட் கேப்பாங்க. பேப்பர் என்கிட்டயே இருக்கட்டும்.”