பெட்டி மேல் 128, உள்ளே எவ்வளவு?

போன், டேப்லெட் பற்றி வந்த கேள்விகளில் இந்த வாரம் கைக்கு அகப்பட்டவை.

128 ஜிபி போன் என்று காசு கொடுத்து வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் 110 சொச்சம்தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– ஓய்வு பெற்ற கணக்காசிரியர், பாளையங்கோட்டை

கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். இது பட்டணம் படிக்கும் ஊர்ப் படிக்கும் நடந்த பழைய சண்டைதான். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கோ 1024-ஐ 1024-ஆல் இரண்டு தடவை பெருக்கி வரும் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். சின்னப் படியால் அளந்த 128, பெரிய படியில் 119 ஆகிவிடும். நீங்கள் கணக்கு வாத்தியார், போட்டுப் பாருங்கள். மீதிக் குறைவு, ஆண்ட்ராய்டு குடியிருக்கிற இடம். கம்பெனி தன் பங்குக்குத் திணித்துவிட்ட ஆப்களும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் சிலவற்றை அழிக்கலாம், சிலவற்றை முடக்கிவைக்கத்தான் முடியும். வாடகை தராத குடித்தனக்காரர்கள்! மெமரி கார்டு போட வழியில்லாத போன் என்றால் 128-க்குக் கீழே இறங்காதீர்கள். பேரன் நடந்தாலும் தும்மினாலும் வீடியோ எடுக்கிற தாத்தா என்றால் 256.

போஸ்டரில் 12 ஜிபி ராம். பக்கத்தில் பொடி எழுத்தில் 6+6 என்றிருக்கிறது. கூட்டல் சரிதானே?
– கடை வாசலில் நின்றபடி ஒரு வாசகர், ஈரோடு

கூட்டல் சரி, பந்திதான் சரியில்லை. இலை போட்டிருப்பது ஆறு பேருக்கு. மற்ற ஆறு பேர் முற்றத்தில் நிற்கிறார்கள், யாராவது எழுந்தால் உட்காருவார்கள். இரண்டாவது 6, ஸ்டோரேஜிலிருந்து வாங்கிய கைமாற்று. நிஜ ராமின் வேகத்துக்கு அது கிட்டவே வராது, ஸ்டோரேஜிலும் அந்த அளவுக்கு இடம் குறையும். விலை பேசும்போது முதல் 6-ஐ மட்டும் கணக்கில் வையுங்கள்.

1 டிபி மெமரி கார்டு 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

சாவிக்கொத்தில் மாட்டவா? தாராளமாக.

நானும் ஒருமுறை வாங்கினேன். அண்ணன் மகள் காதுகுத்து. மடி, மொட்டை, அழுகை, மாமன் சீர் என்று ஒன்று விடாமல் எடுத்து அந்தக் கார்டில் போட்டேன். அன்று இரவு எல்லாம் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஃபைல்களின் பெயர் இருக்கிறது, படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். அண்ணி இன்றைக்கும் என் கையில் கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நடந்தது இதுதான். கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சில்லுடன் கணக்குப்பிள்ளை மாதிரி இன்னொரு சில்லும் உண்டு. ‘எவ்வளவு இடம் இருக்கிறது?’ என்று போன் கேட்டால் பதில் சொல்வது அவர்தான். உள்ளே 8 ஜிபி சில்லை வைத்துவிட்டு ‘1 டிபி’ என்று சொல்லும்படி அவரைப் பழக்கிவிடுகிறார்கள். 8 ஜிபி வரை ஒழுங்காக எழுதுவார். அதற்குமேல் வருவதை வாங்கி வாங்கிக் கீழே போடுவார், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே எழுதுவார். ‘இடமில்லை’ என்று மட்டும் வாய் திறக்கமாட்டார்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு முழுக்க எதையாவது எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள். நல்ல கடையில் வாங்கியதையும் காதுகுத்துக்கு முன்னால் ஒருமுறை இப்படிச் சோதித்துவிடுவேன், இப்போதெல்லாம்.

கார்டின் மேல் இருக்கும் பொடி எழுத்துகளையும் படியுங்கள். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், 4கே வீடியோவுக்கு அது போதும். வட்டத்துக்குள் 10 மட்டும் இருந்தால் நொடிக்கு 10 எம்பிதான் உத்தரவாதம், போட்டோவுக்கும் பாட்டுக்கும் சரி. ஏ1, ஏ2 என்பவை ஆப்களைக் கார்டில் வைக்க நினைப்பவர்களுக்கு. ஏ1 நொடிக்கு 1,500 தடவை படிக்கவும் 500 தடவை எழுதவும் வேண்டும், ஏ2 4,000 தடவை படிக்கவும் 2,000 தடவை எழுதவும் வேண்டும் என்பது விதி.

வாங்குமுன் சிம் தட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே குழிதான். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்துவிட வேண்டும். தட்டில் கார்டுக்கு இடமே இல்லாத போன்களும் ஏராளம்.

தங்கை கல்யாண வீடியோ 6 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவ் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் ‘ஃபைல் பெரியது’ என்று ஏற்ற மறுக்கிறது. கண் தெரியாதா அதற்கு?
– வாசகி, காரைக்குடி

கண் தெரியும், கதவுதான் சின்னது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, வீடு எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். மாமியார் வீட்டு டிவி ரொம்பப் பழசு என்றால் அதற்கு எக்ஸ்ஃபேட் புரியாமல் போகலாம். அங்கே வீடியோவை இரண்டாக வெட்டித்தான் கொடுக்கவேண்டும். முகூர்த்தம் முதல் பாதியில் வரட்டும்.

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிப் பானைக்குள் வைக்கலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

அரிசிக்குள் வைத்தால் மாங்காய் பழுக்கும், போன் பிழைக்காது. அரிசித் துகள் ஓட்டைக்குள் போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எழுதிவைத்துவிட்டது. அணைத்துவிட்டு, ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிக் காற்றாட வையுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். தண்ணீர் தாங்கும் ஐபி68 போன்தானே என்று குளத்தில் முங்கவும் வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. கடல் நீருக்கும் சோப்பு நீருக்கும் அது பொறுப்பில்லை, வாரண்டியும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். 5,000 எம்ஏஎச் போன் இரண்டு தடவை நிரம்பவேண்டாமா? ஒன்றரை தடவைகூட வரவில்லை.
– விற்பனைப் பிரதிநிதி, மதுரை

வராது. உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட், வெளியே தருவது 5 வோல்ட். அந்த மாற்றத்திலேயே 10,000 என்பது 7,400 ஆகிவிடுகிறது. அதற்குமேல் சூடாகி வீணாவது, கேபிளில் போவது, போனுக்குள் மறுபடி மாற்றுவது எல்லாம் இருக்கின்றன. கடைசியில் கைக்கு வந்து சேர்வது ஒன்றேகால் தடவை என்றால் நியாயமான பவர் பேங்க்தான். பின்பக்கம் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள், பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். விமானத்தில் போகிறவர் என்றால், பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவை பொதுவாகத் தனி அனுமதி இல்லாமல் போகலாம், 20,000 எம்ஏஎச் என்பது 74.

டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்றுதானே? ஏன் ஒன்று 100, ஒன்று 900?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

முனை ஒன்று, உள்ளே குடும்பம் வேறு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். அதற்குமேல் போக உள்ளே அடையாளம் சொல்லும் ஒரு சில்லு வேண்டும். படம் ஏற்றுகிற வேகமும் கேபிளுக்குக் கேபிள் மாறும். போன் சார்ஜுக்கு மட்டும் என்றால் 900 வேண்டாம். 30 ரூபாய்க் கேபிளும் வேண்டாம்.

9எச் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினேன். வைரத்துக்குப் பக்கத்துக் கடினம் என்றார். ஒரே மாதத்தில் கீறல்!
– வாசகர், தூத்துக்குடி

வைரத்துக்கு 10 தருவது கனிமங்களை அளக்கிற மோஸ் அளவுகோல். உங்கள் 9எச், பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் கிறுக்கினால் கோடு விழாது, அவ்வளவுதான். உங்கள் கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். சட்டைப் பையை உதறுங்கள்.

பழைய போன் ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்க்கவேண்டும்?
– தறித் தொழிலாளி, சென்னிமலை

முதலில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டுப் புகாரில் முடக்கியதா, போலி எண்ணா என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பதில் வரும். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பதில் வரும்வரை காசு மடியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, பலர் மாட்டிக்கொள்கிற இடம். விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்து கொடுத்தால், போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கும். ஐபோனிலும் இதே பூட்டு உண்டு. விற்பவர் எதிரிலேயே கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, முகப்புத் திரை வரும்வரை உட்கார்ந்திருங்கள். டீ சொல்லுங்கள். அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு 68 வயது. இதுவரை பட்டன் போன்தான். ஸ்மார்ட்போன் வாங்கித் தருகிறேன். எப்படிச் செட் செய்து கொடுப்பது? நான் வெளியூரில் இருக்கிறேன்.
– மகன், பெங்களூரு

நல்ல கேள்வி. போன் வாங்கித் தருகிற பிள்ளைகள் நிறைய உண்டு, உட்கார்ந்து செட் செய்து தருகிறவர்கள் குறைவு.

எழுத்தைப் பெரிதாக்குங்கள். அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு வரை. முகப்பில் ஆறே படங்கள் போதும்: போன், வாட்ஸ்அப், கேமரா, படங்கள், யூடியூப், டார்ச். உங்கள் எண்ணையும் நெருங்கிய உறவினர் எண்ணையும் முகப்பிலேயே போட்டோவோடு வையுங்கள். எழுத வராது என்று அம்மா சொல்வார். கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக் பட்டனைக் காட்டுங்கள். பேசினால் எழுத்தாகிறது என்று தெரிந்த பிறகு உங்களுக்கு மூன்று பக்கக் கடிதம் வரும், தயாராக இருங்கள். விரலால்தான் எழுதுவேன் என்றால் செல்லினம் என்ற தமிழ் கீபோர்டு ஆப் இருக்கிறது, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது.

வாட்ஸ்அப்பில் படங்கள், வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். உறவினர் குழுவின் காலை வணக்க ரோஜாக்கள் மட்டுமே ஒரு போனை நிரப்பிவிடும். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபிதான். 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் போட்டோக்களும், 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. அது நிரம்பினால் ஜிமெயில் வருவதும் நின்றுபோகும்.

அவசர அழைப்பு 112. ரத்த வகை, மாத்திரை விவரங்களைப் பூட்டிய திரையிலேயே பார்க்கும்படி பதிந்துவைக்கலாம். பணம் அனுப்பும் ஆப் இப்போது வேண்டாம். பிடிவாதமாகக் கேட்டால், குறைந்த தொகை உள்ள தனிக் கணக்கோடு இணையுங்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புகிறோம், பின் போடுங்கள்’ என்கிறவன் திருடன். ஏமாந்துவிட்டால் உடனே 1930.

பிறகு திட்டாதீர்கள். உங்களுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தபோது அவர் எத்தனை தடவை சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. டேப்லெட்: வைஃபை மட்டுமா, சிம்மும் வேண்டுமா?
– தந்தை, நாகர்கோவில்

வீட்டில் படிக்க வைஃபை போதும், வெளியே உங்கள் போன் ஹாட்ஸ்பாட். மிச்சமாகும் காசில் ஸ்டோரேஜைக் கூட்டுங்கள். பாடப்புத்தக பிடிஎஃப் படிக்கப் பத்து அங்குலத்துக்குக் குறையாத திரை நல்லது. மலிவு டேப்லெட்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. படங்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் வைட்வைன் என்ற பூட்டு எல்3 தரத்தில் மட்டும் இருந்தால், திரை எவ்வளவு துல்லியமானாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத்தான் வரும், எல்1 வேண்டும். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப்பில் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்கு எல்3-யே உத்தமம் என்று நீங்கள் நினைத்தால் நான் தடுக்கவில்லை.

200 மெகாபிக்சல் என்றால் 12 மெகாபிக்சலைவிடப் பதினாறு மடங்கு நல்ல படமா?
– புகைப்பட ஆர்வலர், உதகை

அந்த 200, சாதாரணமாக எடுக்கும்போது 16 புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. சுற்றிச் சுற்றி அதே ஊருக்குத்தான் வருகிறோம்.

ஒரே வரியில் சொல்லுங்கள், போன் வாங்கும்போது என்ன கேட்கவேண்டும்?
– அவசரக்காரர், சேலம்

‘எத்தனை வருடம் அப்டேட் வரும்?’ பிக்சல் 8-க்கு 2023-இல் கூகுளும், எஸ்24-க்கு 2024-இல் சாம்சங்கும் 7 வருடம் வாக்குக் கொடுத்தன. மலிவு போன்களில் பல அதில் பாதியைத் தொடுவதில்லை. வருடக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடக்கும் இரண்டு வருடப் பழைய மாடலுக்கு இரண்டு வருடம் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு: ‘என் போன் ஸ்லோ’ என்று மட்டும் எழுதாமல் மாடல் பெயரையும் எழுதுங்கள். செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற இடத்தில் இருக்கும். கடவுச்சொல்லை எழுதி அனுப்பவேண்டாம். போன மாதம் மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். கடிதங்களைக் கிழித்துவிட்டேன், நீங்கள் மூவரும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.