திருக்கரண்டிக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ப்ரீ-வேர்க்அவுட் தூள் கம்பனியார் சமூகத்துக்கு,

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளை ஜிம்முக்குப் பஸ் ஏறி வரும் விண்ணப்பதாரர் பணிந்து தெரிவிப்பது யாதெனில்: போன வாரம் ஓட்ட மெஷினில் அவருக்கு மூச்சு வாங்கியபோது, மாஸ்டர் எல்லோர் முன்னாலும், "தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்தா இப்பிடித்தான் தம்பி" என்று சிரித்து, தங்கள் டப்பா ஒன்றை அவர் தலையில் கட்டினார். மூடியைத் திறந்தால், தூளுக்கு நடுவே திருக்கரண்டி எழுந்தருளியிருந்தது.

முதல் கரண்டியிலேயே காதும் கன்னமும் எறும்பு ஊர்ந்தாற்போல் சுருசுருத்தன. "வேலை செய்யுது பாத்தியா!" என்றார் மாஸ்டர். பீட்டா-அலனின் தோல் நரம்பைச் சீண்டிய வேலை அது. ஓட்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தசையில் சேரும் அமிலத்தைச் சமாளிக்க அந்தச் சரக்கு நாளுக்கு 4 முதல் 6 கிராம் வரை, சில வாரம் விடாமல் உள்ளே போகவேண்டும். போனாலும் பலன் பெரும்பாலும் 1 முதல் 4 நிமிடம் நீளும் கடும் பயிற்சிக்கே.

திருக்கரண்டியின் மெய்யான வீரர் கஃபீன். அவர் புகழைக் குறைக்க விண்ணப்பதாரருக்கு மனமில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முந்திக் குடித்தால், தாக்குப்பிடிக்கும் சக்தி சற்றே கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராமே போதும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறக்குறைய 40, 50 இருக்கும்.

ஆக, நாலு கோப்பை! நமுனுகுல மலைச்சரிவில் அம்மா பறிக்கும் கொழுந்தில் உள்ளதைப் பழித்துவிட்டு, அதையே டப்பாவில் அடைத்து, 2024இல் போராடி 1,350 ரூபாவான அம்மாவின் நாட்சம்பளத்திலிருந்து காசு கறந்த திருக்கரண்டியின் சாமர்த்தியமே சாமர்த்தியம்.

டப்பாவில் 'தனியுரிமைக் கலவை' என்றிருக்கிறது. எது எத்தனை மில்லிகிராம் என்பது திருக்கரண்டிக்கே வெளிச்சம். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கொழுந்தில் கிலோக் கணக்காய்க் கழிக்கும் தராசின் முன் வளர்ந்தவருக்கு இந்த வித்தை புதிதல்ல.

மறைத்து விற்றால் ஆள் சாகும், ஐயாமாரே. 2012 இலண்டன் மரதனில் 30 வயதுப் பெண் ஒருத்தி எல்லைக்கோட்டை நெருங்கும்போது விழுந்து இறந்தாள்; அவள் கலக்கிக் குடித்த தூளில் டிஎம்ஏஏ என்னும் ஊக்கி இருந்தது. முந்திய வருடம் இலங்கை றக்பி வீரர்கள் மூவர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதும் அதே பொருளால்தான். தடை ஆடுகிறவனுக்கு, விற்கிறவனுக்கு என்ன தடை?

மன்னிக்கவும், சந்நிதியில் குரல் உயர்ந்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு ஏறிய திருக்கரண்டியின் அருள் இரவு பன்னிரண்டுக்கும் இறங்குவதாயில்லை. லயத்துத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடி விழித்துக் கிடந்தவர், மறுநாள் மெஷினில் முன்னைவிட மோசமாக இளைத்தார். மாஸ்டரோ இரண்டு கரண்டி போடச் சொல்கிறார்.

ஆகவே, உள்ளிருப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அளவோடு அச்சிடவும், மீதித் தூளை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறார். ரசீது இணைக்கப்படவில்லை, கேட்டதற்கு, பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள்.