நடந்தால் ஊர், உட்கார்ந்தால் ஜன்னல்

கே: வியன்னாவில் மூன்று நாள் கூட்டம். ஒரு பிற்பகல் மட்டும்தான் ஓய்வு. எதைப் பார்ப்பது? (விஞ்ஞானி, அணுபுரம்)

ப: ரிங் சாலையைப் பிடியுங்கள். பழைய நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஆணையிட்டார். சுவர் போன இடத்தில் சாலை வந்தது. ஆபரா, அருங்காட்சியகங்கள், நாடாளுமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அதே வட்டத்தில், சுமார் 5 கி.மீ. சுற்று. உங்கள் சர்வதேச அணுசக்தி முகமை இருப்பது டான்யூபுக்கு அந்தப் பக்கம். அணுவுக்கு அக்கரை, அழகுக்கு இக்கரை.

கே: ஐந்து கிலோமீட்டரா? எனக்கு வயது 62! (குடும்பத்தலைவி, திருக்கழுக்குன்றம்)

ப: வேதகிரீசுவரரைப் பார்க்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏறுகிற ஊர்க்காரர் நீங்கள். திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலத்தை வெறுங்காலில் முடிக்கிற நம் ஜனம், ஐரோப்பாவில் ஷூ போட்ட காலோடு டாக்சி தேடுகிறது. மூட்டுவலி என்றால் மருத்துவரைக் கேளுங்கள். சோம்பல் என்றால் அந்த மலைப்படியைக் கேளுங்கள்.

கே: பயணத்துக்கென்றே புது ஷூ வாங்கிவிட்டேன். சரிதானே? (வங்கி ஊழியர், செங்கல்பட்டு)

ப: வாங்கியது சரி. பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் தப்பு. விமான நிலையத்தில் முதன்முதலாக மாட்டினால் இரண்டாம் நாளே கொப்புளம், மூன்றாம் நாள் முழுக்க ஓட்டல் கட்டில். இன்றே போட்டுக்கொண்டு கொளவாய் ஏரிப் பக்கம் தினமும் நடந்து பழக்குங்கள். புதுசாக இருக்க வேண்டியது ஊர், ஷூ அல்ல.

கே: பாரிஸில் வழி தவறி, போனும் அணைந்துவிட்டால்? (ஐ.டி. இளைஞர், மறைமலைநகர்)

ப: கதவிலக்கம் பாருங்கள். சேன் நதியிலிருந்து விலகிப் போகும் தெருக்களில் எண் நதிப்பக்கம் தொடங்கும். நதியோடு சேர்ந்து போகும் தெருக்களில் நீரோட்டத் திசையில் ஏறும். ஊரே ஒரு திசைகாட்டி. பேட்டரி தீரும், நதி தீராது.

கே: அதே பாரிஸில் பசித்தால்? (அவருடைய நண்பர், கூடுவாஞ்சேரி)

ப: கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் லா ஷாப்பெல். தோசை, கொத்து ரொட்டி, தமிழ்ப் பலகைகள். மாணிக்க விநாயகரின் தேர் ஆண்டுதோறும் அந்தப் பகுதித் தெருக்களில் ஓடுகிறது, சிதறுதேங்காயோடு. போரில் வீடிழந்து வந்த ஈழத்தமிழர்கள் தங்கள் உழைப்பால் உருவாக்கிய கடைத்தெரு அது. அங்கே ஊர் விலையை ஒப்பிட்டு முகம் சுளிக்காதீர்கள். பில்லோடு வணக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

கே: லண்டனில் சுரங்க ரயில் எல்லா இடத்துக்கும் போகிறதே, எதற்கு நடை? (கல்பாக்கம்)

ப: லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். அதற்கும் இறங்கி, ஏறி, காசு கொடுக்கிறார்கள். 1933இல் வெளியான ஹாரி பெக்கின் ரயில் வரைபடம் இணைப்பைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் காசில்லாமல் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் இருக்கிறார். ஐயனைப் பார்க்க எந்த ரயிலும் வேண்டாம்.

கே: நியூயார்க்கில் மகள் வீடு. தெருவைக் கடக்கவே பயம். (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்)

ப: அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். நம் கழுத்து பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பும். அதை மாற்றி, முதலில் இடம், பிறகு இரண்டு பக்கமும் பாருங்கள். மன்ஹாட்டனில் தொலைந்துபோகப் பயமில்லை. 1811இல் கட்டம் போட்டுத் திட்டமிட்ட ஊர். வடக்கு தெற்காக இருபது தெரு தாண்டினால் ஏறக்குறைய ஒரு மைல். ஆசிரியருக்குக் கணக்கு கைவிடாது.

கே: ஆம்ஸ்டர்டாம் போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லுங்கள். (சதுரங்கப்பட்டினம்)

ப: சிவப்புநிறப் பாதையில் கால் வைக்காதீர்கள். அது சைக்கிளுக்கு. கால்வாய்க் கரைகளில் நிமிர்ந்தே நடங்கள். உங்கள் ஊரில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து மெல்லிய துணியைக் கப்பலேற்றினார்கள். அந்தக் கரையோர மாளிகைகளைப் பார்க்கும்போது நம் தறிக்காரர்களையும் நினையுங்கள். விருந்தாளியாகப் போகாதீர்கள், பழைய பாக்கி கேட்க வந்தவராகப் போங்கள்.

கே: சிங்கப்பூரில் மால் தவிர என்ன இருக்கிறது? (திருப்போரூர்)

ப: நாம் இருக்கிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். அதே சாலையில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமே பள்ளிவாசல். கொஞ்ச தூரத்தில், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா. அந்தத் தெரு அன்று கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் கரை சேர்ந்ததும் நன்றி சொன்ன இடம். பிறகு கடலைத் தூர்த்து ஊரை நீட்டிவிட்டார்கள். மாலில் குளிரும், அந்தத் தெருவில் சிலிர்க்கும்.

கே: தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாமே? (வண்டலூர்)

ப: 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலேயே அந்தப் பத்தாயிரம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண் அல்ல, கடைக்காரர் கண்ட எண். வைத்த அடியை எண்ணாதீர்கள். பார்த்த தெருவை எண்ணுங்கள்.

கே: வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரில் உச்சி வெயிலிலும் நடந்தே சுற்றுகிறார்கள். ஏன்? (சிற்பி, மாமல்லபுரம்)

ப: நீங்கள் உளியால் செய்வதை அவர்கள் காலால் செய்கிறார்கள்: பொறுமையாக. அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும், அதை நம்பி வந்த எலிகளும் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும்கூட அங்கே நடந்துதான் பார்த்தார்கள். காரில் போனவருக்குப் பாறை, நடந்தவருக்குப் பூனை.

கே: வெளிநாட்டு நடைபாதையை இவ்வளவு புகழ்கிறீர்கள். இங்கே நடக்க இடம் எங்கே? (கல்லூரி மாணவி, செங்கல்பட்டு)

ப: இடம் இருக்கிறது, அதன்மேல் பைக் நிற்கிறது. நம்மால் முடியாது என்பதை மட்டும் நம்பாதீர்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை போட்டார்கள். குழந்தையும் பாட்டியும் கைகோத்து நடக்கிறார்கள். அந்த உரிமை செங்கல்பட்டுக்கும் உண்டு, திருக்கழுக்குன்றத்துக்கும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வருகிறார்கள். "எங்கள் தெருவில் நடைபாதை எங்கே?" என்ற கோபத்தையும் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குச் சுங்கவரி கிடையாது.