கம்பம் – மில்டுரா, வழி: கோட்டயம்

சாயங்காலம் ஏழு மணியானால் போதும், சுருளிப்பட்டியில் அந்த வீட்டு மாமியாருக்கு உடம்புக்கு வந்துவிடும். திங்கட்கிழமை நெஞ்சுவலி. செவ்வாய், ஆறாத சர்க்கரைப் புண். புதன், இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகப் பயப்படும் கிழவி. வியாழக்கிழமை மட்டும் பூரண குணம். டிவி தொடரில் அன்றைக்கு யாருக்காவது கல்யாணம் என்றால் நோய்க்கு ஏது நேரம்?

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மருமகள். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து வருஷமாக நர்ஸ். மகன் கையில் ஸ்டாப் வாட்ச் ஓடும் செல்போன். ஆஸ்திரேலியாவில் நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர் பிடித்த வழி ஓ.இ.டி., மருத்துவத் துறையினருக்கென்றே நடக்கும் தேர்வு. பேச்சுப் பகுதியில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய சொந்தக்காரராகவோ நடிப்பார். சுமார் ஐந்து நிமிஷம் வீதம் இரண்டு நாடகம். இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் மார்க் உண்டு. நோயாளியின் கவலையைக் கேட்டாயா, அதை மதித்துப் பதில் சொன்னாயா என்பதற்கும் தனியாக மார்க் உண்டு.

"திரும்பிப் படுங்க, வலிக்காது" என்ற ஒரே வசனத்தில் பத்து வருஷ சர்வீஸை ஓட்டியவருக்கு இது புது அவதாரம். ஒத்திகைக்கு நோயாளி கிடைக்காமல் மாமியாரை உட்கார வைத்தார்கள். நோயாளி தமிழில் முனகுவார், நர்ஸ் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்வார், பிறகு நோயாளிக்காக அதையே தமிழிலும் சொல்வார். முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே விபரீதமாகப் போயிற்று.

"இப்ப உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு, அத்தை?"

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அந்த அம்மாளை யாரும் கேட்காத கேள்வி. நெஞ்சுவலியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பித்தார். மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் தன் தம்பியை முதல் பந்தியில் உட்கார வைக்காதது, பேத்தியின் காதுகுத்துக்கு வந்த சீரில் ஒரு அண்டா குறைந்தது, ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை. ஸ்டாப் வாட்ச் நாற்பத்திரண்டு காட்டியபோது மகன் எழுந்து வெளியே போய்விட்டார். மருமகள் மட்டும் பாடத்தில் சொன்னபடி, குறுக்கே பேசாமல், தலையாட்டி, "அது உங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருந்திருக்கும்னு புரியுது" என்று முடித்தார். மறுநாள் ஆறே முக்காலுக்கெல்லாம் நோயாளி தலை சீவி, புடவை மாற்றி, நாற்காலியில் தயார்.

இதையெல்லாம் பக்கத்துத் திண்ணையிலிருந்து பார்த்தவர் இந்தக் கட்டுரையாளர். நர்ஸுக்கு அவர் பெரியப்பா மகன். ஊரில் கொஞ்சம் இங்கிலீஷ் எழுதுகிறவர் என்ற ஒரே குற்றத்துக்காக இரண்டு வருஷம் அந்த வீட்டு விண்ணப்பங்களை நிரப்பும் தண்டனை பெற்றவர்.

2023-இல் எழுதிய முதல் ஓ.இ.டி.யில் பேச்சில் பி வந்தது. மாமியார் அதைத் தன் மார்க்காகவே ஊரில் சொல்லிக்கொண்டார். எழுத்துப் பகுதியில் சி பிளஸ். அன்றைய விதிப்படி நான்கிலும் பி வேண்டும். மறுபடி பணம், மறுபடி படிப்பு, மறுபடி தேர்வு, பி வந்தது. 2025 மார்ச்சில் விதியைத் தளர்த்தி, எழுத்துக்கு மட்டும் சி பிளஸ் போதும் என்றார்கள். அந்தச் செய்தியை அவரிடம் சொல்லக் கட்டுரையாளருக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. அடுத்த மாதமே இன்னொரு சலுகையும் வந்தது: இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் முறைப்படி பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்த நர்ஸ்களுக்கு ஆஸ்திரேலியத் தேர்வுகளே வேண்டாமாம். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்தது என்கிளெக்ஸ். நடத்துவது அமெரிக்கா, போவது ஆஸ்திரேலியா, படிப்பது கோட்டயம். வெளிநாட்டில் பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்கு 2020-இல் ஆஸ்திரேலியா புது முறை கொண்டுவந்தபோது, அமெரிக்க நர்ஸ்கள் எழுதும் அதே தேர்வை முதல் படியாக வைத்துக்கொண்டது. அதற்குச் சொல்லிக்கொடுக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆளில்லை. ஆனால் கம்பத்திலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் மலையேறினால் குமுளி; அந்தப் பக்கம் இறங்கினால், 1960-களிலேயே ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பிப் பழகிய கேரளம். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறுகிறவர்கள் போகும் அதே ரோட்டில் இவருடைய படிப்பும் மலையேறியது. வகுப்பு ஆன்லைனில், டீச்சர் கோட்டயத்துக்காரர். தினமும் இரண்டு மணி நேரம் மலையாளம் கலந்த இங்கிலீஷ் வீட்டில் ஒலித்ததால், மருமகள் கேரளாவுக்குத்தான் போகப்போகிறாள் என்று மாமியார் வெகுநாள் நிம்மதியாக இருந்தார்.

என்கிளெக்ஸ் கேள்விகளில் ஒரு ஜாதி உண்டு. நான்கு நோயாளிகளைச் சொல்லி, முதலில் யாரைப் பார்ப்பாய் என்று கேட்கும். பாலும் பொங்கி, சின்னவனும் விழுந்து, ஏஜென்ட் போனும் அடித்து, மாமனாரும் "மருந்தடிக்க ஆள் வந்தாச்சு, டீ எங்கே" என்று கேட்கும் காலை ஏழு மணியில் இந்தக் கேள்விக்கு அவர் ஏற்கெனவே பல வருஷம் விடை எழுதியிருந்தார். தேர்வுக்குச் சென்னை போக ரயில் இருந்தது பெரிய உபகாரம். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய மதுரை – போடி ரயில், தேனிக்குத் திரும்பி வரவே 2022 ஆயிற்று. 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கே ரயில் விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் ரயிலுக்குக் காத்திருந்த ஊர்க்காரருக்கு விசா தாமதமெல்லாம் ஒரு தாமதமா?

அந்தத் தேர்வில் கேள்வி எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது 85, அதிகம் 150. நீ தேறுவாயா மாட்டாயா என்பது கம்ப்யூட்டருக்கு உறுதியாகிற இடத்தில் திரை நின்றுவிடும். இவருக்கு 85-இல் நின்றது. பிரமாதமாக எழுதியவருக்கும் 85-இல் நிற்கும், படு மோசமாக எழுதியவருக்கும் 85-இல் நிற்கும். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அந்த எண்ணை உச்சரிக்கவில்லை. எண்பத்தைந்து ரூபாய் பாக்கி கேட்ட பால்காரருக்குக்கூட நூறாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

தேறினார். அடுத்து அடிலெய்டுக்கே நேரில் போய்ச் செய்முறைத் தேர்வு, பத்துக் கட்டங்கள், கட்டணம் 4,000 ஆஸ்திரேலிய டாலர். மாமனார் தோட்டத்தில் ஒரு போகம் திராட்சைப் பணம் அப்படியே போயிற்று. சில கட்டங்களில் நோயாளியாக நடிக்க ஆள். சில கட்டங்களில் பொம்மை. "உங்களுக்கு எது கவலையா இருக்கு?" என்று பொம்மையிடம் கேட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்ததாக அவரே சொன்னார். மாமியாரிடம் படித்தவருக்கு அந்த மௌனம் பழக்கமில்லை.

நர்ஸின் வேலை அத்தோடு முடிந்தது. குடும்பத்தின் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது.

ஆஸ்திரேலிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு ஏது? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக் காலம் தள்ளுகிறவர்கள். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடுகிறது. ஆக மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், கணவருக்கு அவருடைய அப்பா பெயர், இரண்டு பிள்ளைகளுக்கும் கணவரின் பெயர். நாலு பேர் கொண்ட ஒரே குடும்பத்துக்கு மூன்று குடும்பப் பெயர்கள். அதில் இரண்டு தாத்தாக்கள் விசா கட்டணம் கட்டாமல், மருத்துவப் பரிசோதனை இல்லாமல், பாஸ்போர்ட்டிலேயே ஏறிக்கொண்டார்கள்.

எழுத்துக் கூட்டல் தனிக் கதை. கணவர் பெயர் பள்ளிச் சான்றிதழில் 'எச்' இல்லாமலும், ஆதாரில் 'எச்' உடனும், கல்யாணப் பத்திரிகையில் ஜோசியர் சொன்னபடி இரண்டு 'ஏ' உடனும் இருந்தது. மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் சத்தியம் செய்யப்பட்டது. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கம்பம் என்ற ஊருக்கே ஆங்கிலத்தில் ஒரே எழுத்து கிடையாது: 'சி'யும் 'யு'வும் போட்டு ஒரு கம்பம், 'கே'யும் 'ஏ'யும் போட்டு ஒரு கம்பம். போதாததற்கு ஆந்திராவில் இன்னொரு கம்பம், பெரிய ஏரியும் ரயில் நிலையமுமாக. தவிர, கணவனும் மனைவியும் பிறந்தது மதுரை மாவட்டம், பிள்ளைகள் பிறந்தது தேனி மாவட்டம். வீடு நகரவில்லை, 1996-இல் மாவட்டம்தான் நகர்ந்தது. இதை வெள்ளைக்கார அதிகாரிக்கு விளக்கி ஒரு பக்கம் எழுதியது கட்டுரையாளரின் இலக்கிய வாழ்வில் முக்கியமான படைப்பு.

படிவம் 80 என்று ஒன்று. கடந்த பத்து வருஷம் எங்கே இருந்தாய், என்ன செய்தாய், ஒரு மாசம் விடாமல் சொல் என்று கேட்கும். கணவர் திராட்சைக் கமிஷன் கடையில் கணக்குப் பார்த்தவர். 2018-இல் நாலு மாசம் மட்டும் காலி.

"அப்ப என்ன பண்ணீங்க மாப்ளே?"

"அப்பாகூடச் சண்டை."

வேலையின்றி இருந்தார் என்று எழுதினோம். அதோடு விசாவில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'டிபெண்டன்ட்'. கட்டுரையாளர் அதைத் தமிழில் "மனைவியைச் சார்ந்திருப்பவர்" என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "பத்து வருஷமா அதுதானே, இதுக்கு எதுக்கு சர்டிபிகேட்?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

மாமனார்தான் அசையவில்லை. பந்தல் போட்டு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருப்பவர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருப்பவர். ஒரே மகன், பேரப் பிள்ளைகளோடு கடல் தாண்டுவதா? அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு நடுவே பென்னிகுயிக் படம் மாட்டியிருக்கும். 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி இந்தப் பக்கம் தண்ணீரைத் திருப்பியவர். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் அவருக்கே பொங்கல் வைப்பார்கள். கட்டுரையாளர் ஒருநாள் எதேச்சையாகச் சொன்னார்: அணை முடிந்த பிறகு பென்னிகுயிக்கை ஆஸ்திரேலியாக்காரர்கள் கூப்பிட்டார்கள், பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்ல, 1899-இல்.

பெரியவர் படத்தை ஒருமுறை பார்த்தார். "அவரே போனாரா?" என்றார். அத்தோடு விவகாரம் தீர்ந்தது.

தீர்ந்ததென்றால், சம்மதம் ஒரு நிபந்தனையோடு வந்தது. கவாத்து பண்ணிய கொடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி நாலு குச்சி. "போற இடத்துல நட்டு வை. மூணு கண்ணு உள்ள குச்சி, தப்பாம வேர் விடும்." 1877-இல் ஜீலாங் பக்கம் வேர்ப்பேன் புகுந்து திராட்சைத் தோட்டங்களை நாசம் செய்த பிறகு, உள்நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதிக் கொடியை இன்னொரு பகுதிக்கு இஷ்டத்துக்குக் கொண்டுபோக விடாத தேசம் அது. வெளிநாட்டுக் குச்சியை விடுவார்களா? பெரியவருக்கு இது கோபமூட்டவில்லை. வேர்ப்பேன் என்றதும் உடனே புரிந்துகொண்டார். விசா அதிகாரிகளைவிடத் தாவரத் தடுப்பு அதிகாரிகளிடம்தான் அவருக்கு மரியாதை.

மாமியாரிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை இனத்தை அழிக்கும் பூச்சி அதில் குடியிருக்கும் என்றால், "நாம தின்னு செத்தா போயிட்டோம்?" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் தடை என்றதும், அப்படிப்பட்ட நாட்டுக்குப் போய்த்தான் ஆகணுமா என்று கேட்டார். கட்டுரையாளருக்கும் நியாயமாகத்தான் பட்டது. கொண்டுபோவதை எல்லாம் வருகை அட்டையில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஒளித்து அகப்பட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசாவே போனாலும் போகும். ஆகவே பயண நாளுக்கு முந்தின இரவு பெட்டி மூன்று முறை பிரிக்கப்பட்டது. மூன்றாவது முறை, சின்னவனின் ஸ்வெட்டர் கைக்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்றைய ரசத்தில் அது சேர்ந்தது.

2025-இல் மதுரையில் ஏறினார்கள்; நேரடி விமானம் கிடையாது, மாறி மாறித்தான் போக வேண்டும். இறங்கிய ஊர் விக்டோரியா மாநிலத்தின் மூலையில் மில்டுரா. வேலை கிடைத்த இடம் அது, வேறு திட்டமில்லை. முதல் ஞாயிறு வீடியோவில் தெருவைக் காட்டிக்கொண்டே கார் ஊர் எல்லையைத் தாண்டியது. பெரியவர் போனைப் பிடுங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். கண்ணுக்கெட்டிய வரை திராட்சை. மர்ரே ஆற்றுத் தண்ணீரை இறைத்து, சாஃபி சகோதரர்கள் 1887-இல் தொடங்கி வைத்த பாசன ஊர் அது.

"எத்தனை போகம்டா?"

"ஒண்ணுதாம்ப்பா. ஜனவரியில ஆரம்பிச்சு நாலு மாசத்துல முடிஞ்சிரும்."

"ஒண்ணா?" வருஷம் முழுக்கக் குலை தொங்கும் பள்ளத்தாக்குக்காரர் அந்தத் தேசத்துக்காக மனசார வருத்தப்பட்டார்.

இப்போதெல்லாம் மகன்தான் அதிகம் பேசுகிறார். வங்கியில், பிள்ளைகளின் பள்ளியில், எங்கே போனாலும் 'மிஸ்டர்' போட்டு அப்பா பெயரைச் சொல்லி இவரைக் கூப்பிடுகிறார்களாம். முதல் வாரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், அப்பா எப்போது வந்தார் என்று. கேட்ட பெரியவர் பதறிவிட்டார்: "என் பேர எதுக்கு அங்க இழுக்குறாங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

சாயங்காலம் ஏழு மணிக்கு மாமியார் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். மில்டுராவில் அப்போது நள்ளிரவு. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்: "மகனை அங்கன என்ன பேரு சொல்லிக் கூப்புடுறாங்களாம்?" கல்யாணமாகி நாற்பது வருஷமாக வாயால் சொல்லாத பெயர். அந்த அம்மாள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "இவுக பேரத்தான்" என்றார்.