கறுப்பு கட்டும் பேத்திக்கு ஆச்சி சொல்லுவது

ஏட்டி, நீ அனுப்புன போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். சட்டை ஒரு கறுப்பு, பாவாடை ஒரு கறுப்பு, காலுறை ஒரு கறுப்பு. ஒண்ணு செம்மட்டை பாஞ்சு கெடக்கு, ஒண்ணு நீலம் பூத்துக் கெடக்கு, இன்னொண்ணு சாம்பலாவே போச்சு. கறுப்பு கட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டா அதை ஒழுங்காக் கட்டணும் மூதி. துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போட்டுப் பச்சைத் தண்ணியில அலசு. நிழல்லயே உலத்து. நீ இருக்கிற லீட்ஸ்ல வெயிலைத் தேடித்தான் போகணும், அதனால பாதி வேலை உனக்கு மிச்சம்.

உங்க அப்பன் நேத்து போன் போட்டான். "நீ சொன்னாத்தாம்மா கேப்பா, அந்த கோத் வேஷத்தை விட்டுத் தொலைக்கச் சொல்லு"ன்னான். சரிய்யா சொல்லுதேன்னு வச்சிட்டேன். இவன் காலேஜ்ல படிக்கும்போது தெருவைக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி பெல்பாட்டம் போட்டுக்கிட்டு அலைஞ்ச பய. அதை உங்க தாத்தா கத்தரி எடுத்து வெட்டுன கதை உனக்குத் தெரியாது, நேர்ல வரும்போது சொல்லுதேன். இப்ப நான் சொல்லப் போறது அவன் சொல்லச் சொன்னது இல்ல.

போட்டோவுக்குக் கீழ "என்னை யாருக்கும் புரியாது ஆச்சி"ன்னு ஒரு வரி எழுதியிருக்கே பாரு, அங்கதான் சிரிச்சேன். லீட்ஸ்ல உங்க வீட்டுல நான் வந்து கெடந்தப்ப, ராத்திரி தூக்கம் வராம நீ சொன்ன கதையெல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம். நீ சொன்னதை வச்சே உன்னை மடக்குதேன், இரு.

1979 ஆகஸ்டுல நார்தாம்ப்டன் பயலுக நாலு பேரு, பௌஹாஸ்னு பேரு வச்சுக்கிட்டு, ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஓடுற ஒரு பாட்டுப் போட்டானுக. பெலா லுகோசி செத்துப்போனார்ங்கிறதுதான் அதோட தலைப்பு. யாரு அந்த லுகோசி? 1931ல டிராகுலாவா நடிச்ச மனுசன். அவரு போய்ச் சேர்ந்தது 1956ல. அந்த டிராகுலா அங்கியோடயே அடக்கமும் பண்ணியாச்சு. 23 வருஷம் கழிச்சு சாவுச் சேதி சொன்னானுகளே, தந்தி ஆபீஸ் கூட அவ்வளவு தாமதம் பண்ணினது கிடையாது! அந்தச் சேதியைக் கேட்டுத்தான் உங்க கோத் கூட்டமே இன்னிக்கு வரைக்கும் கறுப்பு கட்டி நிக்குது. உன்னைப் புரிஞ்சுக்கிட்ட ஆளுக நீ பொறக்கிறதுக்கு முந்தியே தாடி நரைச்சுப் போனாங்கட்டி.

உன் காலைப் பாரு, எட்டுக் கண்ணு வச்ச பூட்ஸ், டாக் மார்ட்டென்ஸ். அதுவும் நார்தாம்ப்டன் பக்கத்துலதான், வொலஸ்டன்னு ஒரு ஊர்ல. 1960 ஏப்ரல் 1ல முதல் ஜோடி வந்துச்சாம், அந்தத் தேதியைத்தான் 1460ன்னு பூட்ஸுக்கே பேரா வச்சிருக்கான். தபால்காரனும் ஆலைக்காரனும் நாள் பூரா நின்னு நடக்கப் போட்டது. உங்க தாத்தா தபால் பையைத் தூக்கிக்கிட்டு டயர் செருப்புல ஊர் ஊரா நடந்தாரு. இந்த பூட்ஸைக் கண்டிருந்தா மனுசன் கும்பிட்டிருப்பாரு. நீ அதைப் போட்டுக்கிட்டு நாள் பூரா சோபாவுல சாஞ்சு கெடக்கே.

இன்னொரு வேடிக்கை. நீ கும்பிடுற சாமிக யாரும் தங்களைச் சாமின்னு ஒத்துக்கிடலையே! லீட்ஸ்லயே உருவான சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவோட பாட்டுக்காரரு ஆண்ட்ரூ எல்ட்ரிச், நான் கோத்தே இல்லன்னு காலம் பூரா சண்டை போடுதாரு. தி க்யூர் குழுவோட ராபர்ட் ஸ்மித்தும் அப்படித்தான், பாட்டுக்காரி சூசி அம்மாவும் அப்படித்தான். பூசாரி நான் இல்லன்னு சொல்லச் சொல்லக் கொடை மட்டும் தவறாம நடக்குது. அந்த ஸ்மித்துக்கு 65 வயசு ஆன பொறவு, 2024ல, 16 வருஷம் கழிச்சு ஒரு புது ஆல்பம் வந்து இங்கிலாந்துல முதலிடத்துக்குப் போச்சுன்னு நீதானே குதிச்சே. இன்னமும் அதே பரட்டைத் தலை, அதே ஈஷுன உதட்டுச் சாயம். இருபத்தி ரெண்டுல "எனக்கு இது வயசு கடந்து போச்சோ ஆச்சி"ன்னு கேக்குத நீ!

தலைன்னதும் ஞாபகம் வருது. பள்ளிக்கூடம் போற வரைக்கும் உனக்கு எண்ணெய் வச்சுச் சிக்கெடுத்த கை இது. இப்ப நீ சீப்பைத் தலைகீழா இழுத்து, ஸ்ப்ரே அடிச்சு, காசு கொடுத்துச் சிக்குப் போடுத. போட்டுக்கோ. ராத்திரி படுக்கும்போது நுனியிலருந்து மெதுவா எடு, வேர்லருந்து இழுக்காதே. நாப்பது வயசுல பரட்டை வேணும்னாலும் அதுக்குத் தலையில முடி இருக்கணும்லா?

ஆனா முகத்துல அந்த வெள்ளை மாவை மட்டும் பூசாதே. இதை விளையாட்டுக்குச் சொல்லல. நம்ம நிறத்துல அது வெள்ளையாவும் நிக்கல, பிணமாவும் தெரியல, அடுப்படியில விழுந்து எந்திரிச்ச மாதிரித்தான் இருக்கு. இங்க ஊர்ல உன்னைக் கறுப்பின்னு சொல்லிச் சொல்லி, உங்க சித்திமாரு கடலை மாவுலருந்து க்ரீம் வரைக்கும் எதைத்தான் விட்டு வச்சாளுக? அந்த மாவுக்குப் பயந்து ஐயாயிரம் மைல் ஓடிப்போனவ அங்கன போய்த் தானாவே மாவு பூசுதா! கறுப்பைக் கொண்டாடுற கூட்டம்னு சொல்லுத, அப்ப உன் கறுப்புக்கு என்னட்டி குறைச்சல்? அவ்வளவு மாவு பூசினாத்தான் அந்த வெள்ளைக்காரிகளுக்குக் கண்ணு மை எடுப்பாத் தெரியும். உனக்கு அரைக் கீத்துப் போதும். விளக்கெண்ணெய் விளக்குல கரி பிடிச்சு, நீ தொட்டில்ல கெடக்கும்போதே மை வச்சுவிட்டவ நான். உங்க கூட்டத்துல உனக்கு முதல் மேக்கப் போட்ட ஆளு யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு.

சரி, இந்த கோத் கூத்து 1979ல முளைச்சதுதானான்னா அதுவும் இல்ல. 1764ல ஹோரஸ் வால்போல்னு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை ஒரு கோத்திக் கதை எழுதினாரு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை தலைமேல ஆகாசத்துலருந்து ஒரு ராட்சச இரும்புத் தொப்பி விழுந்து ஆளு நசுங்கிப் போறான், அதுதான் ஆரம்பமே. இத்தாலியில அச்சான பழைய புத்தகம்னு முதல்ல புளுகி வித்தாரு. நல்லா வித்ததும் மறு வருஷம் நான் எழுதுனதுதான்னு ஒத்துக்கிட்டாரு. அவரு வீடு லண்டன் பக்கம் ஸ்ட்ராபெரி ஹில்ல இன்னும் நிக்கி. பழங்காலக் கோயில் விதானம் மாதிரி தெரியும், தட்டிப் பாத்தா காகிதக் கூழ். உங்க பொம்மை எலும்புக்கும் பிளாஸ்டிக் சிலந்திக்கும் பாட்டன் அந்த வீடுதான். பொறவு பொம்பளைப் புள்ளைக எல்லாம் இருட்டு மாளிகைக் கதையா வாசிச்சுக் கெட்டுப் போகுதுகன்னு சொல்ல, ஜேன் ஆஸ்டின் அம்மா 'நார்த்தாங்கர் அபே'ன்னு ஒரு நாவலே எழுதி நையாண்டி பண்ணினா. அது அச்சானது 1817 கடைசியில. ஆக, நீ கட்டுறதும் பழசு, நான் பண்ணுற கேலியும் பழசு. நமக்குள்ள சண்டைக்கு இடமே இல்ல.

கறுப்பை வீட்டுக்கு வீடு கொண்டு போனது விக்டோரியா ராணி. 1861 டிசம்பர் 14ல புருசன் ஆல்பர்ட் போனாரு. அன்னிக்குக் கட்டுன கறுப்பை, 1901ல தான் சாகுற வரைக்கும் அவ கழட்டல. ராணி கட்டுனா ஊரு கட்டாதா? லண்டன்ல ரீஜென்ட் தெருவுல துக்கத் துணிக்குன்னே ஜேய்ஸ்னு ஒரு பெரிய கடை அதுக்கு முந்தியே, 1841லயே வந்தாச்சு. புருசன் செத்தா எத்தனை மாசம் எந்தத் துணி, எப்பப் பளபளப்பு ஆகும், எப்ப ஆகாதுன்னு கணக்கு. கிரேப்புன்னு ஒரு சுருக்குத் துணி, மழையில நனைஞ்சா சாயம் கழுத்துல ஒழுகும். மழை ஓயாத ஊர்ல அதைத்தான் விதவை கட்டணும்னு வச்சிருக்கான் பாரு! அதை நெஞ்ச கோர்ட்டால்ட் குடும்பம் கோடீஸ்வரனாச்சு. அடுத்தவன் வீட்டு எழவுல இவன் மாடி கட்டுனான்.

எனக்கு உங்க தாத்தா போன நாள்லருந்து வெள்ளைச் சீலை. ராணி கறுப்பைத் தானாக் கட்டிக்கிட்டா. எனக்கு வெள்ளையை என்னைக் கேக்காமலே கட்டிவிட்டாங்க. நீ ஒரு சாவும் பாக்காம கட்டிக்கிட்டு நிக்கே. மூணு பேர்ல உன் துணிதான் சொகமான துணி. அதனாலதான் உன்னைக் கழட்டச் சொல்ல எனக்கு மனசு வரல.

அந்த ராணி காலத்துத் துக்கத்துல மினுங்குற நகை ஆகாது, ஆனா விட்பிக் கடற்கரையில கெடைக்கிற ஜெட் ஆகும். அது கல்லுன்னு நீ நினைச்சே. கல்லு இல்லட்டி, மரம். பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி கடல்ல விழுந்து அமுங்கி இறுகிப் போன மரம். ராணி புண்ணியத்துல 1870கள்ல அந்தச் சின்ன ஊர்ல ஆயிரத்துக்கும் மேல ஆளுக அதைச் செதுக்கியே பிழைச்சிருக்காங்க. பொறவு மவுசு போச்சு, கறுப்புக் கண்ணாடியும் ரப்பரும் போலியா வந்து பட்டறையெல்லாம் காத்தாடுச்சு. இப்ப உங்க கூட்டத்துனால மறுபடி சர்ச் ஸ்ட்ரீட் பூரா கடை. அங்க வாங்கும்போது ஏமாறாதே. கையில வச்சுப் பாரு, ஜெட்னா கனமே இருக்காது, தொட்டாச் சில்லுன்னு இருக்காது. மெருகு இல்லாத பீங்கான்ல லேசாத் தேய். பழுப்புக் கோடு விழணும். சில்லுன்னு கனமா இருந்தா கண்ணாடி, கும்பிட்டு வச்சிட்டு வா.

அந்த விட்பி இருக்கே, அது எனக்குப் பிடிச்ச ஊரு. மலைமேல இடிஞ்ச மடம், பக்கத்துல சர்ச், கடல் காத்துல எழுத்து அழிஞ்சு போன கல்லறைக. 1890ல பிராம் ஸ்டோக்கர் அங்க வந்து தங்கினாரு. அஞ்சு வருஷத்துக்கு முந்தி 'டிமித்ரி'ன்னு ஒரு ரஷ்யக் கப்பல் அந்தக் கரையில தட்டுன கதை அவரு காதுல விழுந்துச்சு. 1897ல டிராகுலா கதை வந்தப்ப அதுல 'டிமீட்டர்'னு கப்பல், அதுலருந்து ஒரு பெரிய நாய் குதிச்சு ஓடுது. ஜனம் இன்னிக்கும் அந்தச் சர்ச்சுல போய் டிராகுலா கல்லறை எங்கன்னு கேக்குதாம். அப்படி ஒண்ணு இங்க இல்ல, கேக்காதீங்கன்னு போர்டே வச்சிருக்காங்க. கதையில வர்றவனுக்குச் சமாதி தேடுற ஜனத்தை வெள்ளைக்காரன் ஊர்லயும் கண்டதுல எனக்கு ஒரு ஆறுதல்.

1994ல பேனா நண்பர்க ஒரு நாப்பது பேரு அங்க எல்சினோர்னு ஒரு பப்புல கூடுனதுதான் விட்பி கோத் வீக்கெண்ட். இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊரே கறுப்பு. நான் பாத்தப்ப, அத்தனை பேரு கொம்பும் குடையும் சவப்பெட்டிப் பையுமா நின்னு, மீனும் உருளைக்கிழங்கும் வாங்க வரிசை பிசகாம நின்னாங்க. ஒருத்தன் வாயில ரெண்டு கோரைப் பல்லு, என்னைக் கண்டதும் பல்லைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சு இடம் கொடுத்தான். நம்ம பஸ்ல ஒருத்தன் எந்திரிப்பானா? ஆனா கல்லறை மேல ஏறிச் சாஞ்சு படம் எடுத்தவளுகளைப் பாத்தேன், அது பிடிக்கல. அந்த ஊர்க்காரங்களும் சடைச்சுக்கிடுதாங்க. நம்ம குலசாமி சுடலைமாடன் சுடுகாட்டுலதான் நிக்கார். அங்க போனா செருப்பைக் கழட்டித்தான் நிப்போம். உன்னை பூட்ஸைக் கழட்டச் சொல்லல, எட்டுக் கண்ணையும் அவிழ்க்கிறதுக்குள்ள இருட்டிரும். ஏறாம இரு, போதும்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காம சொல்லுதேன். 2007ல லங்காஷயர்ல ஒரு பூங்காவுல, உன்னை மாதிரி உடுத்தியிருந்த இருபது வயசுப் புள்ளையைச் சின்னப் பயலுக மிதிச்சே கொன்னானுகன்னு நீதான் சொன்னே. அவ சினேகிதனை அடிச்சப்ப அவன் தலையை மடியில வச்சுக் காப்பாத்தப் பாத்திருக்கா. அவ உடுப்பைத் தவிர வேற காரணம் இல்ல. அந்தப் புள்ளையைப் பெத்தவ அலைஞ்சு பேசி, 2013ல கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இந்த மாதிரி அடிகளையும் வெறுப்புக் குற்றமாப் பதியுதோம்னு ஆரம்பிச்சுச்சு. உங்க அப்பன் பயத்துக்குப் பின்னால இது இருக்கு. அவன் வாயால சொல்ல மாட்டான், துணியைத்தான் திட்டுவான். ராத்திரி கடைசி பஸ்ஸுக்குத் தனியா நிக்காதே, ரெண்டு பேயாச் சேர்ந்து வாங்க.

இப்ப 'வெட்னஸ்டே' தொடரைப் பாத்துட்டு வந்த குட்டிப் புள்ளைகளைப் பத்திக் கொதிச்சு எழுதியிருக்கே. போன வாரம் வரைக்கும் ரோஸ் சட்டை போட்டவளுக, ஒரு பாட்டுப் பேரும் தெரியாதவளுகன்னு. 2022 நவம்பர்ல அந்தப் புள்ள கையைக் காலை வெட்டி வெட்டி ஆடுன பாட்டு, தி க்ராம்ப்ஸ் 1981ல போட்டது. அந்தப் பாட்டு ஓடுனப்ப நீ எங்கட்டி இருந்தே? அந்த வெட்னஸ்டே புள்ளையோட குடும்பமே 1938ல சார்ல்ஸ் ஆடம்ஸ் பத்திரிகையில போட்ட கேலிச் சித்திரம். 1964ல டி.வி.க்கு வந்துச்சு, 1991ல சினிமாவா வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டிக் கூட்டம் கறுப்புச் சட்டை தேடி ஓடும், முந்தின கூட்டம் "இதெல்லாம் அசல் இல்ல"ன்னு மூக்கை உறிஞ்சும். 1982ல சோஹோவுல பேட்கேவ் கிளப்பைத் திறந்தப்பவும், பங்க் கூட்டத்துப் பெருசுக அப்படித்தான் உறிஞ்சிருக்கும். அந்த வருஷம் இங்கிலாந்துல வேலை இல்லாதவன் முப்பது லட்சம். பகல்ல போக இடமில்லாதவன் ராத்திரியைப் பிடிச்சுக்கிட்டான். பழைய கடைகள்ல செத்துப்போன கிழவிகளோட கறுப்பு லேஸ் சல்லிசாக் கெடைச்சுச்சு. எனக்கென்னமோ உங்க ஃபேஷனுக்குப் பாதி காரணம் காசு இல்லாததுதான்னு படுது. இன்னிக்கு அதே கிழிசலை நீ புதுசா விலை கொடுத்து வாங்குத.

அதனால குட்டி வௌவாலுகளை விரட்டாதே. உன் பழைய பாவாடையில ஒண்ணைக் கொடு, அந்தச் செம்மட்டை பாஞ்சதையே கொடு. நல்லதையெல்லாம் அந்துருண்டை போட்டுப் பெட்டியில வை. இருபது வருஷத்துல உன் மக வந்து "உனக்கு ஒண்ணும் புரியாதும்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பெட்டியைத்தான் துழாவுவா. அப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும், அது ரொம்ப முக்கியம்.

அடுத்த விட்பிக்கு நானும் வாறேன். உங்க அப்பன்கிட்ட விசாவுக்குச் சொல்லியாச்சு, உன்னைத் திருத்த வாறேன்னுதான் அவன்கிட்ட சொல்லியிருக்கேன். அந்த 199 படியில, அத்தனை கறுப்புக்கு நடுவுல, வெள்ளைச் சீலையில ஒருத்தி தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஏறி வந்தா, கேமரா வச்சிருக்கவன் உன் பக்கம் திரும்புவானாட்டி? முட்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது, செருப்பு சரிப்படாது. உன் பழைய ஜோடி பூட்ஸைத் தொடச்சு வை. ரெண்டு பேருக்கும் ஒரே பாதம்தான்.