ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: ஒரே ராத்திரியில் முடிக்கும் வழி

முதலில் நாள் குறியுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கிறதா? இன்று ராத்திரி பத்தரைக்கு உட்காருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட வேண்டாம், 38 சதவீதம் தாராளம்.

1. பேக்கப் எடுக்காதீர்கள். மனசு கேட்கவில்லையா? சி டிரைவில் இருப்பதை டி டிரைவுக்கு மாற்றி வையுங்கள். இரண்டும் ஒரே எஸ்எஸ்டியின் இரண்டு துண்டுகள்தான். போனால் சேர்ந்தே போகும், ஒன்றை இழந்து ஒன்றோடு வாழும் துயரம் இல்லை.

2. டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் பற்றி யாராவது பேச்செடுத்தால், "என் லேப்டாப்பில் அதெல்லாம் கிடையாது" என்று அடித்துச் சொல்லுங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தபோதே டிரைவ் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவியை இப்போதே ஒரு தாளில் எழுதி வைப்பது கோழைத்தனம். நேராக பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் அந்தச் சாவியைக் கேட்கும். கவலை வேண்டாம், சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு? அதுவும் பத்திரம்தான், இதே லேப்டாப்பின் பிரவுசரில் சேமித்திருக்கிறீர்கள்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். இந்த நேரத்தில் உபுண்டுவுக்குள் போய் விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விடலாமா? எங்கிருந்தோ கிடைத்த, பாதி புரிந்த ஒரு கட்டளையை முன்னால் சுடோ சேர்த்து ஒட்டி என்டர் தட்டுங்கள்.

4. உபுண்டு இன்ஸ்டாலர் "டிஸ்கே இல்லை" என்கிறதா? சில இன்டெல் லேப்டாப்புகளில் டிஸ்க் ஆர்எஸ்டி என்ற முறையில் இருந்தால் அப்படித்தான். பயாஸில் அந்த முறையை ஏஹெச்சிஐக்கு மாற்றிவிடுங்கள், விண்டோஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். முதலில் அதை சேஃப் மோடில் கிளம்ப வைத்துவிட்டு மாற்றினால், தேவையான டிரைவரை அதுவே ஏற்றிக்கொண்டு ஒழுங்காக எழுந்துவிடும். அதில் என்ன சாகசம் இருக்கிறது?

5. இப்போது பார்ட்டிஷன். இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். பட்டியலில் 100 எம்பிக்கு ஃபேட்32 என்று ஒன்று நிற்கும். யாருடையது, எதற்கு, தெரியாது. சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் ஜிபி கணக்கில் இருக்க, இது மட்டும் வாடகை கொடுக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அழித்துவிடுங்கள். விண்டோஸ் கிளம்பத் தேவையான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, உபுண்டுவைக் கிளப்பும் க்ரப்பும் அங்கேதான் வந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

அழிக்கத் தயக்கமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. இன்ஸ்டாலர் இரண்டு வரி காட்டும்: விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது ஒன்று, டிஸ்கையே அழித்துவிட்டு நிறுவுவது ஒன்று. ஒன்றரை மணிக்குமேல் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவதைத் தட்டுங்கள். பிறகு வரும் எச்சரிக்கையை, கடன் விண்ணப்பத்தின் விதிமுறைகளைப் படிப்பதுபோலப் படியுங்கள்.

6. அதையும் மீறி இரண்டும் கிளம்பிவிட்டன என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். லேப்டாப்பின் உள்கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை எழுதும். உபுண்டு அதை யுடிசி என்று நினைத்துப் படிக்கும். ஆகவே ஐந்தரை மணி நேரம் தாவும். உபுண்டுவிலிருந்து திரும்பினால் காலை ஒன்பதை விண்டோஸ் மூன்றரை என்று காட்டும். ரிவ்யூவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று படுத்துவிடுங்கள்.

7. விண்டோஸ் அப்டேட் எப்போது கேட்டாலும் சரி என்று சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு செக்யூரிட்டி அப்டேட், டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லித்தான் வந்தது. வந்து, பலருடைய லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. நீங்கள் அப்படி இன்னொன்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, 5-ஆம் படியிலேயே வேலை முடிந்திருக்கும்.

8. கறுப்புத் திரையில் க்ரப் ரெஸ்க்யூ என்று வந்து கர்சர் துடிக்கிறதா? ஹெல்ப் என்று அடித்துப் பாருங்கள். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று சொல்லும். இன்னும் இரண்டு முறை அடியுங்கள், இந்த முறை கோபமாக.

9. மறுநாள் கேன்டீனில் ஜூனியர் பையன் வருவான். "அண்ணா, எனக்கும் டூயல் பூட் போட்டுத் தர்றீங்களா? அப்பா லேப்டாப்தான், ஆபீஸ் ஃபைலெல்லாம் இருக்கு, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பான். பென்டிரைவ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.