பள்ளம் பார்த்து உருளும் பழி

இந்திய ரயில்வேக்கு அவசரமாக ஒரு கட்டை தேவைப்படுகிறது. யார்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு அடியில் செருக ஒரு மரக்கட்டை, செருகுவதற்கு ஓர் ஆள். கோரிக்கை இவ்வளவுதான். திறப்பு விழாவோ கொடியசைப்போ தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் கிடைக்கவில்லையோ என்னவோ!

2018 ஏப்ரல் 7 இரவு. ஒடிசாவின் டிட்லாகரில் அகமதாபாத்–பூரி விரைவு வண்டிக்கு எஞ்சின் மாற்றினார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவில்லை. 22 பெட்டிகள், உள்ளே இருந்த பயணிகளோடு, எஞ்சின் இல்லாமலே கிளம்பிப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல உருண்டன. தண்டவாளத்தில் கல்லைப் போட்டு நிறுத்தினார்கள். ஊழியர்கள் சஸ்பெண்ட். பாடம் படித்தாயிற்று.

2023 ஜூன் 7. பாலசோர் ரயில் விபத்தின் ஈரம் காயாத ஐந்தாம் நாள். அதே ஒடிசா, ஜாஜ்பூர் கியோஞ்சர் ரோடு நிலையம். இடிமழைக்குப் பயந்த ஒப்பந்தத் தொழிலாளிகள், எஞ்சின் இல்லாமல் நின்ற கூட்ஸ் வண்டிக்கு அடியில் ஒதுங்கினார்கள். வண்டி நகர்ந்தது. ஆறு பேர் செத்தார்கள். தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை இருந்திருந்தால் எவன் போய்ச் சக்கரங்களுக்கு நடுவே உட்காருவான்? சூறைக்காற்று வந்ததாம். காற்றை எப்படி சஸ்பெண்ட் செய்வது!

2024 பிப்ரவரி 25. ஜம்முவின் கதுவாவில் ஜல்லி ஏற்றி நின்ற 53 வேகன் கூட்ஸ் வண்டி, ஓட்டுநர் இல்லாமல் நிலையம் நிலையமாகத் தாண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பஞ்சாபின் உச்சி பஸ்ஸியில் மரக்கட்டையும் மணல் மூட்டையும் போட்டு நிறுத்தினார்கள். ஆக, கதுவாவில் வைக்க வேண்டிய கட்டை பஞ்சாபில் கிடைத்துவிட்டது. யாரும் சாகாதது வண்டியின் பெருந்தன்மை.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. எஞ்சினைக் கழற்றினாலோ அணைத்தாலோ பிரேக்கிலுள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். அப்புறம் வண்டியைப் பிடித்துவைப்பவை கட்டையும் கை பிரேக்கும்தான். ஓர் ஆள் ஜல்லிமேல் நடந்துபோய், வேகனுக்கு வேகன் நின்று, கையால் திருகி இறுக்க வேண்டும். 53 வேகன் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆளுக்கு எங்கே போவது? 2024 மார்ச் கணக்கில் ரயில்வேயில் வண்டிகளின் பாதுகாப்பு சார்ந்த பணிகளில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பணியிடங்கள் காலி. காலிப் பணியிடமா வந்து கட்டை செருகும்?

வண்டி பள்ளம் பார்த்து உருளும். ரயில்வேயில் பழியும் அப்படித்தான். கதுவாவில் லோகோ பைலட்டுக்கு வேலையே போனது. ஆள் எடுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்களின் நாற்காலி மட்டும் இம்மி நகரவில்லை. அதற்குக் கை பிரேக் நன்றாகவே இறுக்கப்பட்டிருக்கிறது.

‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று விசாரணை அறிக்கை எழுதும் கனவான்களே, அடுத்த முறை அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: அங்கே ஆள் போடாதவர் யார், அவர் பெயர் என்ன, பதவி என்ன?